பதினாறில் இடிந்த கோபுரம்

மங்கலம் என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி நியூமராலஜி பார்ப்பவரிடம் நீட்டினால், அவர் கால்குலேட்டரைத் தேடமாட்டார். எம் 4, ஏ 1, என் 5, ஜி 3, ஏ 1, எல் 3, ஏ 1, எம் 4. மொத்தம் 22. உதட்டைப் பிதுக்குவார். அந்த எண்ணுக்கு எண் கணித நூல்கள் தரும் சித்திரம் அப்படி: நல்லவன்தான், ஆனால் அடுத்தவர் பேச்சை நம்பி மதி மயங்கியவன், முதுகில் மூட்டை, பாய வரும் புலியைத் தடுக்கக்கூடத் தோன்றாத ஆள். நொய்யல் கரையில் விசைத்தறிச் சத்தத்தில் விழித்து, கூலி நெசவில் பிழைக்கும் ஊருக்கு இப்படி ஒரு பலன். "ஒரு ஏ சேத்துக்கிட்டா 23 ஆயிருமுங்க, ராசயோகமுங்க" என்று பரிகாரமும் கையோடு வரும்.

மூட்டையோடு போகிற அந்த ஆள் யார்? 22 என்ற எண்ணுக்குள் அவன் எப்படி நுழைந்தான்?

அவன் டாரோ சீட்டுக்கட்டிலிருந்து இறங்கி வந்தவன். டாரோ கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். 56 சீட்டுகள் நம் ரம்மிக் கட்டைப்போல நான்கு இனங்களாகப் பிரிந்தவை. மிச்சம் 22 சீட்டுகள் படச்சீட்டுகள்: மந்திரவாதி, பேரரசி, பேரரசன், துறவி, சக்கரம், மரணம், பிசாசு, சூரியன் என்று வரிசையாகப் போகும். அதில் ஒருவன் முட்டாள். தோளில் மூட்டை, காலைப் பிறாண்டும் ஒரு விலங்கு, அதைச் சட்டை செய்யாத நடை.

தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாமே என்றால், மற்ற எண்களையும் பார்க்கலாம். எண் கணித நூல்களில் 10 விதியின் சக்கரம். டாரோவின் பத்தாம் சீட்டும் அதுவே. 12 பலி கொடுக்கப்பட்டவன். டாரோவில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். 13 அரிவாள் பிடித்த எலும்புக்கூடு, இரண்டிலும் அதே. 16 இடி விழுந்த கோபுரம், அதிலிருந்து கிரீடத்தோடு விழும் மனிதன். 17 நட்சத்திரம். 18 ரத்தம் சொட்டும் நிலா, கீழே நாயும் ஓநாயும், அதற்கும் கீழே ஒரு நண்டு. 19 சூரியன். 20 எக்காளம் ஊதும் தேவதை, கல்லறையிலிருந்து எழும் மனிதர்கள். படத்துக்குப் படம் டாரோ. 22 தாண்டியதும் சீட்டுகள் தீர்ந்துபோகின்றன, சித்திரங்களும் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன.

இந்தப் பட்டியலை உலகத்துக்குப் பரப்பியவர் கீரோ. அயர்லாந்துக்காரர், 1866இல் பிறந்தவர், இயற்பெயர் வில்லியம் ஜான் வார்னர். லண்டனில் பிரபுக்களுக்குக் கைரேகை பார்த்துப் பெயர் வாங்கி, கடைசியில் ஹாலிவுட்டில் 1936இல் இறந்தார். அவருடைய எண் கணித நூல் 1926இல் வெளிவந்தது. தமிழில் இந்தக் கலையை வீடுவீடாகக் கொண்டுபோனதில் பண்டிட் சேதுராமனின் 'அதிர்ஷ்ட விஞ்ஞானம்' நூலுக்குப் பெரிய பங்குண்டு. டாரோ ஏதோ நேற்று ஏர்கண்டிஷன் அறைக்குள் வந்து இறங்கிய மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். படங்களைக் கழற்றிவிட்டு வெறும் எண்ணாக அது நம் ஊர்ப் பலகைகளில் நெடுநாளாக ஏறி உட்கார்ந்திருக்கிறது.

துப்புத் துலக்க இன்னொரு தடயமும் உண்டு. கீரோ 11க்குத் தரும் சித்திரம் வாய் கட்டப்பட்ட சிங்கம். அது டாரோவின் 'வலிமை' சீட்டு. ஆனால் இன்று கடைகளில் அதிகம் விற்கும் கட்டில் வலிமை 8ஆம் சீட்டு. 11ஆம் சீட்டு 'நீதி'. 1909இல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியரைக் கொண்டு புதுக் கட்டு வரைந்தபோது இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். கீரோவிடம் இருப்பது பழைய பிரெஞ்சு வரிசை. யாரிடமிருந்து எடுத்தது என்பதை எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது எங்கிருந்து வந்தது? 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது டாரோ வெறும் சீட்டாட்டம். மிலன் பிரபுக்கள் தங்கத்தகடு ஒட்டிய சீட்டுகளை வரைந்து வாங்கி விளையாடினார்கள். அவற்றில் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. படச்சீட்டுகள் துருப்புகள், அவ்வளவுதான். முன்னூறு வருஷம் கழித்து, 1781இல், கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுப் பாதிரி இவை எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல்தான். அதாவது யாருக்கும் படிக்கத் தெரியாத காலத்தில் சொன்ன எகிப்து இது. 1850களில் எலிஃபாஸ் லெவி இன்னொரு முடிச்சுப் போட்டார்: எபிரேய மொழியில் எழுத்து 22, படச்சீட்டும் 22, எனவே ஒவ்வொரு சீட்டும் ஓர் எழுத்து. பிரான்சில் இன்றைக்கும் டாரோவை ஆட்டமாகத்தான் பலர் ஆடுகிறார்கள். நம் பக்கத்து உறவினரான கஞ்சிபா சீட்டும் அப்படியே; தசாவதாரம் வரைந்த 120 சீட்டுகள் இருந்தும், அதை யாரும் ரகசிய வேதமாக்கவில்லை.

இந்த எபிரேய முடிச்சுதான் நம் எழுத்துக் கணக்கையும் விளக்குகிறது. கீரோவின் அட்டவணையில் எம் ஏன் 4, எஃப் ஏன் 8 என்று கேட்டால் 'கல்தேயர் முறை' என்று பதில் வரும். கல்தேயர் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதியவர்கள். ஏபிசிடி அவர்களுக்குத் தெரியாது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. கா 20, லா 30, மா 40, நா 50, பா 80. பூஜ்யத்தைத் தட்டிவிடுங்கள்: கே 2, எல் 3, எம் 4, என் 5, பி 8. பகரத்துக்கும் ஃபகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்து என்பதால் எஃப்பும் 8. எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. அது தெய்வ எண் என்று காரணம் சொல்வார்கள். எபிரேயத்தில் 9ஐயும் 90ஐயும் குறிக்கும் எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் நேர் இணை இல்லாமல் போனதே போதுமான காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

ஆக, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எபிரேய எண் கொடுத்து, இத்தாலியச் சீட்டின் பலனை, ராகு கேது சனி என்று நம் கிரகங்களின் பேரில் வாங்கிக்கொள்கிறோம். திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 'பி' போட்டு எழுதிய பழைய வழக்கில் 29. இரண்டு 'பி' போட்டால் 37. 'டி'க்குப் பின்னால் ஒரு 'எச்' செருகினால் 42. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் தமிழக அரசாணை வெளிவந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாள் அத்தனை ஊருக்கும் கிரகம் மாறியிருக்க வேண்டும். பனியன் கம்பெனிப் பலகைகளில் வரும் 'நிட்ஸ்' ஆங்கிலத்தில் 15. இன்னொரு 'எஸ்' சேர்த்தால் ரத்த நிலா, 18. 'டி'யை இரட்டித்தால் சூரியன், 19. போர்டு எழுதுபவருக்கு இரண்டும் ஒரே கூலிதான்.

2001இல் ஜெயலலிதா தன் ஆங்கிலப் பெயரின் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொண்டார். எண் கணிதமே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பழைய எழுத்தில் 22, புதிதில் 23. கணக்கு கச்சிதம். அந்த ஆண்டு மே மாதம் வென்று முதல்வரானார். செப்டம்பரில் அந்தப் பதவியேற்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2002 மார்ச்சில் மறுபடி முதல்வரானார். இதில் எது 23இன் வேலை என்று கேட்டால், எதைச் சொன்னாலும் பொருந்தும்.

இனி கூட்டலுக்கு வருவோம். உண்மையான அதிசயம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஓர் எண்ணின் இலக்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் கிடைப்பது, அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதி. மீதி பூஜ்யமானால் 9 என்று கொள்ளவேண்டும். ஏன்? பத்து பீஸை ஒன்பது ஒன்பதாகக் கட்டினால் ஒன்று மிஞ்சும். நூறு பீஸைக் கட்டினாலும் 99 போக ஒன்றுதான் மிஞ்சும். ஆயிரத்திலும் ஒன்று. அப்படியானால் 2,033 பீஸில் இரண்டு ஆயிரத்துக்கு 2, மூன்று பத்துக்கு 3, சில்லறை 3, ஆக மிச்சம் 8. கட்டிப் பார்க்காமலே மிச்சம் தெரிந்துவிட்டது. இந்த வித்தையை நம் ஆட்கள் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டாம் ஆரியபட்டரின் 'மகாசித்தாந்தம்' பெருக்கலைச் சரிபார்க்க இதைச் சொல்கிறது. 37ஐ 42ஆல் பெருக்கினால் 1,554. 37இன் கூட்டு 1, 42இன் கூட்டு 6, பெருக்கினால் 6. 1,554இன் கூட்டு 15, அதாவது 6. ஒத்துப்போகாவிட்டால் பெருக்கலில் பிழை இருப்பது உறுதி.

2,033 எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 22-2-2009. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கூட்டினால் 2,033. நாளை மட்டும் கூட்டினால் பிறவி எண் 4, முழுத் தேதியையும் கூட்டினால் விதி எண் 8. ராகுவும் சனியும். எண் கணிதத்தில் அதிகம் பயப்படும் ஜோடி இதுதான். டாரோக்காரர்களும் பிறந்த தேதியிலிருந்து 'பிறவிச் சீட்டு' எடுப்பார்கள். கூட்டி வருவது 22க்குள் இருந்தால் அந்தச் சீட்டு, தாண்டினால் இன்னொரு முறை கூட்ட வேண்டும். 2,033ஐக் கூட்டினால் 8. இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டுபவர்கள் 2, 2, 2, 2, 9 என்று 17க்குப் போய் நட்சத்திரத்தில் நிற்பார்கள். இரண்டு வழி, இரண்டு சீட்டு; கடைசி ஒற்றை இலக்கம் மட்டும் மாறாமல் 8. மிச்சம் எப்படிக் கட்டினாலும் மிச்சம்தானே.

அந்த எட்டாம் சீட்டு பழைய வரிசையில் நீதி. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மாவட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு வயது அப்போது. நீதிச் சீட்டு பலித்துவிட்டது! வெயிட்டின் கட்டில் அதே எட்டு வலிமை. மூடிய ஊர் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறி எழுந்து, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. வலிமைச் சீட்டும் பலித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் சனி திரும்பிவிட்டார். எந்த ஆண்டு எது நடந்தாலும் எட்டில் இடம் இருக்கிறது.

பிறவிச் சீட்டுக் கணக்கை 1980களில் மேரி கிரீர் போன்ற அமெரிக்க எழுத்தாளர்களின் நூல்கள் பரப்பின. நாள், மாதம், ஆண்டை முழுசாகக் கூட்டி, பிறகு இலக்கங்களைக் கூட்டும் முறை. அதை வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டால் வேடிக்கையான விஷயம் கிடைக்கிறது. சூரியன் சீட்டு கிடைக்க இலக்கக் கூட்டு 19 வர வேண்டும். 1,990க்குக் கூட்டு 19. அதற்கு அடுத்து 19 தரும் எண் 2,089. நடுவில் ஒன்றுகூட இல்லை. 1,990 கிடைக்கும் கடைசிப் பிறந்தநாள் 1988 ஜனவரி 1. 2,089 கிடைக்கும் முதல் பிறந்தநாள் 2046 டிசம்பர் 31. இடைப்பட்ட ஐம்பத்தொன்பது வருஷத்தில் பூமியில் எந்த மூலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் சூரியன் கிடையாது. 2000 முதல் 2029 வரை பிறப்பவர்களுக்கு நாள், மாதம், ஆண்டின் கூட்டுத்தொகை 2,072ஐத் தாண்டாது. இலக்கக் கூட்டு 17ஐத் தாண்டாது. நிலா, சூரியன், தீர்ப்பு, உலகம், முட்டாள் ஐந்தும் ஒரு தலைமுறைக்கே பூட்டியாகிவிட்டது. ஆன்மாவின் சீட்டைத் தீர்மானித்தது 19இலிருந்து 20க்கு மாறிய நூற்றாண்டு இலக்கம். என்னைக் கேட்டால் எந்த ஜாதகப் பலனையும்விட இது சுவாரசியம்.

ஒற்றை இலக்க விதி எண்ணோ எல்லோருக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரியும். நம் நாட்டின் 140 கோடிப் பேரை ஒன்பதாகப் பிரித்தால் எண்ணுக்குப் பதினைந்தரைக் கோடி. அத்தனை பேருக்கும் ஒரே குணம் என்றாலும் படிப்பவருக்கு அது தன்னையே சொன்னதுபோல இருக்கிறது. இதை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் வகுப்பில் சோதித்தார். மாணவர்கள் 39 பேருக்கும் குணப் பரிசோதனை நடத்தி, ஆளுக்கொரு தனி அறிக்கை என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். வாசகங்கள் பத்திரிகைக் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26.

கிளி எடுத்துத் தரும் அட்டைக்கும் இது பொருந்தும். நம் மாவட்டத்தில் இன்னும் நல்ல உதாரணம் காங்கேயத்துக்குப் பக்கத்திலுள்ள சிவன்மலை. பக்தர் கனவில் ஆண்டவர் கேட்ட பொருளை, பூப்போட்டு உத்தரவு பார்த்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். தண்ணீர் வைத்திருந்தபோதுதான் 2004 சுனாமி வந்தது என்பது ஊர்ப் பேச்சு. நான் சொல்ல வருவது சாமியைப் பற்றி அல்ல, பொருளை நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடும் நம்மைப் பற்றி. பெட்டியில் நூல்கண்டு இருந்தால் பனியன் தொழில் எழும் என்பார் ஒருவர், சிக்கலில் மாட்டும் என்பார் இன்னொருவர்.

எழுத்தை எண்ணாக்குவதே வீண் வேலை என்று இதற்குப் பொருளில்லை. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகப் பெயர்கள் கடபயாதி முறையில் கட்டியவை. மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் போட்டால் 15, அதுதான் ராகத்தின் வரிசை எண். மேசகல்யாணி 65. பெயர் தெரிந்தால் எண், எண் தெரிந்தால் ஸ்வரங்கள். தவறாகச் சொன்னால் தவறென்று உடனே தெரிந்துவிடும்.

மங்கலத்தில் ஜிஎஸ்டி எண் வாங்கிய ஒவ்வொரு தறிக்கார முதலாளியும் எழுத்தைக் கூட்டும் கணக்குக்குள்தான் இருக்கிறார். 15 இடங்கள் கொண்டது அந்த எண். தமிழ்நாட்டுக்கு 33, பிறகு பான் எண்ணின் 10 இடங்கள், கடைசி இடம் சரிபார்ப்புக் குறி. ஏ என்றால் 10, பி என்றால் 11, இசட் 35 என்று எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, 36ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டி, அந்தக் கூட்டிலிருந்து கடைசிக் குறி பிறக்கிறது. பில் போடுகிற பெண் ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கம்ப்யூட்டர் அங்கேயே மறித்துவிடும். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த யோசனையின் நீட்சி இது.

இரட்டிப்பது ஏன்? சும்மா கூட்டினால் இடம் மாறியது தெரியாது என்பதால். 1938ம் 1983ம் நியூமராலஜிக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் 21. கணக்கெழுதுபவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும்: இரண்டு பக்கமும் இடிக்கும் தொகை 9ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று தேடுவார்கள். பனியன் பெட்டியில் ஒட்டும் பார்கோடு இதே ஓட்டையை வேறு விதமாக அடைக்கிறது. 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் பெற்ற எண். இரண்டாவது, நாலாவது என்று இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, மற்றவற்றையும் சேர்த்தால் மொத்தம் பத்தின் மடங்காக வரவேண்டும். 8901234567890 என்று விளையாட்டாக எழுதிப் பாருங்கள். இரட்டைப்படை இடங்கள் 34, மூன்று மடங்கு 102, மற்றவை 28, மொத்தம் 130. செல்லும். நடுவில் 45ஐ 54 ஆக்கினால் 128, ஸ்கேனர் எடுக்காது. ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்து இடம் மாறினால், 27 என்பது 72 ஆனால், பார்கோடு ஏமாந்துவிடும். வங்கி அட்டைகளில் இருக்கும் லூன் முறை 09க்கும் 90க்கும் ஏமாறும். எங்கெங்கே ஏமாறும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஓட்டையையும் அடைத்து, ஓர் இலக்கம் பிசகினாலும் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் தப்பாமல் பிடிக்கும் முறை ஒன்றை 1969இல் டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் கண்டுபிடித்தார். ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் அவர் முறையில் வருவது.